திட்டத்தில் இல்லாத துளைகள்: வெர்மான்ட் மாநிலத் தனியார் காடொன்றில் மேப்பிள் சாறு இறக்கிய நிகழ்வு

பின்னணி

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடு. அதில் பெரும்பகுதி தனியாருக்கு, குறிப்பாகக் குடும்பங்களுக்கு, சொந்தமானது. நிலத்தை வீட்டுமனைகளாக விற்றால் கிடைக்கும் விலைக்கு ஏற்பச் சொத்துவரி விதித்தால், அந்த வரியைக் கட்டுவதற்காகவே காட்டைத் துண்டு போட்டு விற்க வேண்டிய நிலை வரும். அதைத் தடுக்க 1978இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, நிலம் காடாகவே நீடித்தால் என்ன மதிப்புப் பெறுமோ அந்தப் பயன்பாட்டு மதிப்புக்கு மட்டும் வரி கட்டினால் போதும். ஊராட்சிக்குக் குறையும் வருவாயை மாநில அரசு ஈடு செய்கிறது. இன்று சுமார் 25 லட்சம் ஏக்கர், அதாவது மாநிலத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலம், இத்திட்டத்தில் பதிவாகியுள்ளது.

இந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. காடாகப் பதிவு செய்யக் குறைந்தது 25 ஏக்கர் வேண்டும்; வீடு இருந்தால் அதைச் சுற்றிய 2 ஏக்கரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வனவியல் அறிந்த ஒருவர் எழுதி, கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வன அலுவலர் ஒப்புதல் அளித்த மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும். அதைப் 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். திட்டத்தின்படி ஒரு பணி நடந்தால், மறு ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதிக்குள் அறிக்கை தர வேண்டும். திட்டத்துக்கு முரணாகவும் குறைந்தபட்ச வனவியல் நெறிகளுக்குக் கீழாகவும் மரம் வெட்டினால், நிலத்தைக் கட்டடம் கட்டி அழித்ததற்கு இணையாகவே சட்டம் அதைக் கருதுகிறது. பாதிக்கப்பட்ட பரப்பின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு வரியாகக் கட்ட நேரும். சில ஆண்டுகளுக்குச் சலுகையும் பறிபோகும்.

இங்கே பதிவு செய்யப்படும் நிலம் 83 ஏக்கர். அதன் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த பெண்மணி; கணவர் மறைந்த பின் வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் துணையோடு நிலத்தைக் கவனித்து வருபவர். வீட்டைச் சுற்றிய 2 ஏக்கர் போக 81 ஏக்கர் 1990களிலிருந்து வரிச்சலுகைத் திட்டத்தில் இருந்தது. 2016இல் புதுப்பித்த மேலாண்மைத் திட்டம் அதை மூன்று பிரிவுகளாக வகுத்திருந்தது. முதல் பிரிவான 34 ஏக்கரில், உயர்தர அறுவை மரமாகவும், மெல்லிய மரத்தாளாகச் சீவப்படும் வெனீர் கட்டையாகவும் விற்கக்கூடிய நேரான சர்க்கரை மேப்பிள் மரங்கள் வளர்க்கப்பட்டன. இரண்டாம் பிரிவான 13 ஏக்கர், முந்தைய தலைமுறையினர் வாளி தொங்கவிட்டுச் சாறு எடுத்த பழைய மேப்பிள் தோப்பு. எஞ்சிய 34 ஏக்கர் ஹெம்லாக், பீச், மஞ்சள் பிர்ச் மரங்கள் கலந்த ஈரமான சரிவு. திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் சாறு இறக்குவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பழைய தோப்புகூட மரத்துக்காக மெல்லத் திருத்தப்பட வேண்டிய பகுதி என்றே எழுதப்பட்டிருந்தது.

ஒப்பந்தமும் முதல் பருவமும்

2018இன் இலையுதிர் காலத்தில், அடுத்த நிலத்தில் மேப்பிள் பாகு காய்ச்சும் ஒருவர் உரிமையாளரை அணுகினார். பல ஆண்டுகள் பழகிய அண்டை வீட்டுக்காரர். ஒரு துளைக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகை என்று வாய்மொழியாகப் பேசி முடித்தார்கள். சாற்றைத் தம் கொட்டகைக்கே கொண்டுசென்று காய்ச்சுவதாகவும், நிலத்தில் குழாய்களும் சாலையோரத்தில் ஒரு தொட்டியும் மட்டுமே இருக்கும் என்றும் அவர் சொன்னார். கட்டடம் எதுவும் எழும்பப் போவதில்லை என்பதால் வரித் திட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று இருவருமே நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் கள்ளம் இல்லை. ஆனால் நிலத்தின் மேல் எழும்புவதை மட்டுமே அவர்கள் கணக்கிட்டார்கள். மரத்தின் உள்ளே நிகழப்போவது அவர்கள் எண்ணத்துக்கு வரவில்லை.

பனையிலும் தென்னையிலும் பாளையைச் சீவித்தான் சாறு இறக்குவார்கள். மேப்பிளில் அடிமரத்தையே துளைக்க வேண்டும். இந்த நிகழ்வின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. இரவில் உறைந்து பகலில் உருகும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான நாட்களில், அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு விட்டமும் ஒன்றரை முதல் இரண்டு அங்குல ஆழமும் உள்ள துளையிட்டு, அதில் பிளாஸ்டிக் குழலைச் செருகி, மரத்திலிருந்து மரத்துக்கு ஓடும் குழாய் வழியாகச் சாற்றைச் சேர்க்கிறார்கள். 2 விழுக்காடு சர்க்கரை உள்ள சாறானால், ஒரு காலன் பாகுக்கு ஏறக்குறைய 40 காலன் சாறு தேவை. ஆகவே துளைகளின் எண்ணிக்கையே தொழிலின் அளவுகோல். எண்ணிக்கை கூடக் கூட வருமானம் கூடும் என்பதால், தகுதியற்ற மரத்தையும் துளைத்துவிடும் ஆசை எப்போதும் அருகிலேயே நிற்கிறது.

2019 பிப்ரவரியில் ஏறத்தாழ 1,150 துளைகள் இடப்பட்டன. பழைய தோப்பில் 620. அதற்கு மேலே, முதல் பிரிவின் கீழ்விளிம்பில் சுமார் 9 ஏக்கர் பரப்பில் 530. குழாய்கள் நேர்க்கோட்டில் ஓட வேண்டும் என்பதற்காகவும், மேப்பிளுக்கு வெளிச்சம் கிடைக்கட்டும் என்பதற்காகவும், அந்த 9 ஏக்கரில் இருந்த இளம் பீச், பிர்ச் மரங்களைக் குத்தகைக்காரர் வெட்டி, பெரும்பகுதியைப் பாகு காய்ச்சும் அடுப்புக்கு விறகாக எடுத்துச் சென்றார்.

அக்டோபரில் கண்டவை

2016 திட்டத்தின்படி முதல் பிரிவில் ஒரு களைவெட்டு, அதாவது நெருக்கத்தைக் குறைக்கச் சில மரங்களை வெட்டி அகற்றும் பணி, நடந்திருக்க வேண்டும். ஆனால் 2016 முதல் 2018 வரை வெர்மான்ட் முழுவதும் காட்டுக் கூடாரப் புழுக்கள் மேப்பிள் இலைகளைத் தின்று தீர்த்தன. இந்த நிலத்திலும் 2017, 2018 ஆகிய இரு கோடைகளிலும் மரங்கள் மொட்டையாயின. இலை இழந்து நலிந்த காட்டில் உடனே களைவெட்டு நடத்துவது மரங்களை மேலும் வாட்டும் என்பதால், உரிமையாளரின் வன ஆலோசகர் பணியைத் தள்ளிப் போட்டிருந்தார். 2019 அக்டோபரில் மரங்கள் எவ்வளவு தேறியிருக்கின்றன என்று பார்க்க அவர் வந்தார். அளவுநாடா பிடித்து உடன் நடந்தவன் நான். முதல் பிரிவின் எல்லையைத் தாண்டியதும் மார்பளவு உயரத்தில் நீலக் குழாய்கள் ஓடுவதைக் கண்டு அவர் நின்றுவிட்டார். அன்று வந்த வேலையை விட்டுவிட்டுக் கணக்கெடுப்பைத் தொடங்கினோம்.

இரண்டு நாட்களில் கிடைத்த விவரம் இது. முதல் பிரிவில் துளைக்கப்பட்ட மரங்களில் 140, மார்பளவு உயரத்தில் 12 அங்குல விட்டத்தைக்கூட எட்டாதவை. 12 முதல் 18 அங்குலம் வரை ஒரு துளை, அதற்கு மேல் இரண்டு, மூன்றாவது எந்த மரத்திலும் கூடாது என்பதுதான் மேப்பிள் உற்பத்தியாளர்களிடையே எச்சரிக்கையான வரம்பாகச் சொல்லப்படுவது. எதிர்கால வெனீர் மரங்கள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றில் 61 மரங்கள் துளைக்கப்பட்டிருந்தன. வெட்டப்பட்ட பிற இன மரங்களின் அடிக்கட்டைகள் 300ஐ நெருங்கின. 2016 கணக்கெடுப்பில் அந்த 9 ஏக்கரின் அடிப்பரப்பில் (மார்பளவு உயரத்தில் எல்லா அடிமரங்களின் குறுக்குவெட்டுப் பரப்பையும் கூட்டிய அளவு) மேப்பிள் அல்லாதவற்றின் பங்கு 34 விழுக்காடு; இப்போது அது 27 ஆகக் குறைந்திருந்தது. ஓரிடத்தில் சக்கர வண்டி சிற்றோடைக்குள் இறங்கி ஏறிய தடமும் இருந்தது.

34, 27 என்ற எண்கள் ஏன் முக்கியம் என்பதை விளக்க வேண்டும். மேப்பிள் தோப்பில் மேப்பிள் மட்டுமே இருக்க வேண்டும் என்பது பழைய தலைமுறையின் எண்ணம். குத்தகைக்காரரும் அதைத் தம் தந்தையிடமிருந்து கற்றவர். ஆனால் ஒரே இனம் நிறைந்த தோப்பில் கூடாரப் புழு பெருகும் ஆண்டில் அதற்கு வழியெங்கும் விருந்து. புழுக்களைத் தின்னும் பறவைகளோ பல இனங்களும் பல அடுக்குகளும் கலந்த காட்டைத்தான் நாடுகின்றன. மேப்பிள் அல்லாதவை கால் பங்காவது நிற்க வேண்டும் என்ற அளவுகோல் இதனால்தான் வந்தது. 2014இல் வெர்மான்டின் ஆடுபன் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கிய பறவைகளுக்கு உகந்த மேப்பிள் முயற்சியும் இதையே வலியுறுத்துகிறது. இந்த 9 ஏக்கரில் இன்னுமொரு குளிர்காலம் விறகு வெட்டியிருந்தால் அந்தக் கால் பங்கும் போயிருக்கும். இரண்டு ஆண்டுகள் புழுவால் மொட்டையடிக்கப்பட்ட ஒரு காட்டில், அடுத்த புழுப் பெருக்கத்துக்கு வழி திறந்துவிடும் வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

ஒரே மரத்துக்கு இரு வேலைகள்

மரத்துக்காக வளர்க்கும் மேப்பிளும் சாற்றுக்காக வளர்க்கும் மேப்பிளும் இனத்தால் ஒன்று, வளர்ப்பால் வேறு. அறுவை மரம் நெருக்கத்தில் வளர வேண்டும். அண்டை மரங்களின் நிழலில் கீழ்க்கிளைகள் உதிர்ந்து, அடிமரம் முடிச்சில்லாமல் நேராக உயரும். சாற்று மரத்துக்கு அதற்கு எதிரான நிலை தேவை. கவிகை, அதாவது கிளையும் இலையும் பரந்த தலைப்பகுதி, அகன்றும் ஆழ்ந்தும் இருந்தால்தான் இலை மிகும், சர்க்கரை சேரும், துளைக் காயத்தை ஆண்டுதோறும் புது மரத்தால் மூடும் அளவுக்கு வளர்ச்சியும் இருக்கும். பழைய தோப்பின் கல்வேலிக்குள் நின்ற மரங்கள் குட்டையாகவும் தலை பருத்தும் இருந்தன. முதல் பிரிவின் மரங்கள் தூண்களைப் போல நின்றன. வேலியின் இரு பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பவருக்கு விளக்கமே தேவைப்படாது.

துளையிட்டால் மரம் சாவதில்லை. காயத்தைச் சுற்றி மரம் ஒரு தடுப்பு எழுப்பிக்கொள்கிறது. துளைக்கு மேலும் கீழும் நீளும் ஒரு கீற்று மரப்பகுதி கறைபட்டு, சாறு கடத்தும் திறனை நிரந்தரமாக இழக்கிறது. வெளியே துளை சில ஆண்டுகளில் மூடிவிடும். உள்ளே கறை அப்படியே இருக்கும். அடுத்த ஆண்டு அந்தக் கறையைத் தவிர்த்துப் புது இடத்தில் துளைக்க வேண்டும். மரம் போதிய வேகத்தில் பருக்காவிட்டால் புது இடம் தீர்ந்துபோகும். வெனீர் மரத்துக்கு வரும் இழப்பு இன்னும் நேரடியானது. ஒரு மரத்தின் மதிப்பில் பெரும்பகுதி தரையிலிருந்து முதல் சில அடிகளில் உள்ள அடிமரத்தில்தான் இருக்கிறது. துளை இடுவதும் அங்கேதான். கறைபட்ட அடிமரத்தை வெனீர் வாங்குபவர் எடுக்க மாட்டார்.

துளையிடுவது ஒரு பருவத்து அறுவடை போலத் தோன்றினாலும், அந்த மரம் எதற்காக வாழப்போகிறது என்பதை அது அன்றே முடிவு செய்துவிடுகிறது. மேலாண்மைத் திட்டம் கேட்பதும் இந்தக் காடு எதற்காக வளர்க்கப்படுகிறது என்ற ஒன்றைத்தான். ஆகவே துளைக்கருவி காட்டுக்குள் வருவதற்கு முன் திட்டம் திருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதை வெறும் அலுவலகச் சடங்காக என்னால் பார்க்க முடியவில்லை.

எடுத்த முடிவுகள்

நவம்பரில் உரிமையாளர், மகன், குத்தகைக்காரர், வன ஆலோசகர் நால்வரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லாக் குழாய்களையும் கழற்றிவிட்டு நடந்ததை அப்படியே விட்டுவிடலாம் என்று மகன் முதலில் நினைத்தார். வெட்டிய அடிக்கட்டைகளைக் கழற்ற முடியாது என்று ஆலோசகர் சொன்னார். கவுண்டி வன அலுவலர் ஆய்வுக்கு வரும்போது தாமாகக் கண்டுபிடிப்பதைவிட நாமே சென்று சொல்வது மேல் என்பதில் உரிமையாளர் உறுதியாக இருந்தார். வரிச்சலுகையால் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சும் தொகை, துளை வாடகையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. சலுகையைப் பணயம் வைத்து வாடகையைக் காப்பதில் பொருளில்லை என்பது கணக்குப் பார்த்ததும் எல்லோருக்கும் தெளிவாயிற்று.

முதல் முடிவு, மேலாண்மைத் திட்டத்தின் திருத்தம் ஒப்புதல் பெறும் வரை 2020 பருவத்தில் எங்கும் துளையிடுவதில்லை என்பது. இது குத்தகைக்காரரைத்தான் கடுமையாகப் பாதித்தது. குழாய்களில் அவர் போட்ட முதல் ஒரு பருவம் முழுவதும் சும்மா கிடந்தது. அவ்வாண்டு வாடகை வேண்டாம் என்று உரிமையாளர் சொன்னார். அது அவரது இழப்பை ஈடு செய்யவில்லை என்றாலும் உறவைக் காத்தது.

இரண்டாவது, வெட்டிய மரங்களுக்கான அறிக்கையை 2020 பிப்ரவரி 1க்கு முன்பே தாக்கல் செய்வது. விறகு சொந்த வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல் ஒரு தொழிலுக்குச் சென்றதால், அதைச் சிறு வேலை என்று ஒதுக்குவது சரியாகாது என்று ஆலோசகர் கருதினார்.

மூன்றாவது முடிவுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. துளைபட்ட 61 வெனீர் மரங்களை என்ன செய்வது? அவற்றில் 23 மரங்கள் பழைய தோப்பின் மேல் வேலியை ஒட்டி நின்றன. தோப்பின் எல்லையை 4 ஏக்கர் மேலே தள்ளி, அந்த மரங்களைச் சாற்று மரங்களாகவே ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. தோப்பு 17 ஏக்கர், மரப் பிரிவு 30 ஏக்கர் ஆயின. எஞ்சிய 38 மரங்களில் ஒரே ஒரு துளைதான் இருந்தது. அவற்றை மீண்டும் தொடாமல் வளரவிட்டு, வெட்டும் காலத்தில் கறை எவ்வளவு என்று பார்த்துத் தரம் பிரிப்பது என எழுதினார்கள். மரப் பிரிவில் இனித் துளைக்கக் கூடாத ஒவ்வொரு மரத்துக்கும் நீலச் சாயம் பூசப்பட்டது.

கவுண்டி வன அலுவலரின் வருகை

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் எல்லாம் நின்றுபோனதால், அலுவலரின் கள ஆய்வு ஜூனில்தான் நடந்தது. அவர் அடிக்கட்டைகளை எண்ணினார், நின்ற மரங்களை அளந்தார். பிற இனங்கள் இன்னும் கால் பங்குக்கு மேல் இருப்பதையும், வெட்டு நடந்த இடத்தில் அடுத்த தலைமுறைக் கன்றுகள் எழுவதையும் கணக்கில் கொண்டு, இது குறைந்தபட்ச நெறிகளுக்குக் கீழே செல்லவில்லை என்று தீர்மானித்தார். பாதகமான அறிக்கை எழுதவில்லை. ஓடைக் கடவைச் சரிசெய்ய வேண்டும், புதிய தோப்பில் எஞ்சிய மஞ்சள் பிர்ச், ஆஷ் மரங்களைத் தொடக் கூடாது என்ற இரு நிபந்தனைகளோடு ஆகஸ்டில் திருத்தத்துக்கு ஒப்புதல் தந்தார்.

ஆஷ் மரத்தைச் சேர்த்தது பற்றி எனக்கு அப்போதே ஐயம் இருந்தது. ஆஷைக் கொல்லும் மரகதத் துளைவண்டு 2018இல் வெர்மான்டில் உறுதிப்படுத்தப்பட்டுவிட்டது. நாளை சாகப்போகும் மரத்தை இன்றைய பன்மையின் கணக்கில் வைப்பது கணக்கைக் காக்குமே தவிர, காட்டைக் காக்காது. ஆலோசகரும் இதை ஏற்று, இளம் பிர்ச், பாஸ்வுட் கன்றுகளுக்கு இடம் விடும் குறிப்பொன்றைத் திட்டத்தில் சேர்த்தார்.

பின் நடந்தவை

இந்த முறை குத்தகை எழுத்தில் போடப்பட்டது. காலம் பத்து ஆண்டுகள். துளைக்கத் தகுந்த மரத்தின் விட்டம், துளைகளின் உச்ச வரம்பு, பருவம் முடிந்ததும் செருகுகுழல்களை எடுத்துவிட வேண்டிய கடமை, ஆலோசகர் குறிக்காத எந்த மரத்தையும் வெட்டக் கூடாது என்ற விதி, குத்தகை முடிந்தால் குழாய்களை யார் அகற்றுவது என்ற பொறுப்பு ஆகிய எல்லாம் அதில் இருந்தன.

குழாய் கட்டிய காட்டில் மரம் சாய்ப்பது கடினம் என்பதால், தோப்பை முதலில் களைவெட்டிய பின்பே குழாய் கட்ட வேண்டும் என்று ஆலோசகர் விரும்பினார். புழுத் தாக்குதலுக்குப் பின் மூன்று வளர்ச்சிப் பருவங்களாவது கழிய வேண்டும் என்பதும் அவரது நிலை. இரண்டும் சேர்ந்தால் குத்தகைக்காரர் மேலும் இரு பருவங்களை இழக்க நேரிடும். கடைசியில் தோப்பைப் பாதியாகப் பிரித்தார்கள்: கீழ்ப்பாதியில் 2021 முதல் சுமார் 300 துளைகள், மேல்பாதியில் 2022 ஜனவரியில் உறைந்த நிலத்தின் மேல் களைவெட்டு, 2023 முதல் துளைகள்.

2021 வசந்தம் திடீரென வெப்பமாகிப் பருவம் சுருங்கியது. வெர்மான்ட் முழுவதற்கும் மோசமான ஆண்டு. குத்தகைக்காரர் வாடகையில் பாதியைக் குறைக்கக் கேட்டார், உரிமையாளர் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு மாநிலம் 25.5 லட்சம் காலன் பாகு எடுத்த நல்ல ஆண்டு. ஆனால் இங்கே பாதித் தோப்பு மட்டுமே ஓடியது. 2023இல் துளைகள் 640 ஆயின. முதல் ஆண்டின் 1,150க்கு இது பாதியைச் சற்றே தாண்டும். தகுதியுள்ள மரங்கள் அவ்வளவுதான்.

2021 அக்டோபரில், 2019இல் துளைக்கப்பட்ட 12 அங்குலத்துக்குக் குறைந்த மரங்களில் 40ஐத் தேர்ந்து பார்த்தோம். மூன்று வளர்ச்சிப் பருவங்களுக்குப் பின்னும் 9 மரங்களில் துளை மூடவில்லை. அவை எல்லாமே புழுவால் கவிகை மெலிந்தவை. பருத்த மரங்களில் திறந்த துளை ஒன்றும் காணவில்லை.

இன்று செய்வதானால்

வாய்மொழி ஒப்பந்தத்துக்கு முன் உரிமையாளர் ஆலோசகருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்திருந்தால் 2018 குளிர்காலத்திலேயே திருத்தத்தை எழுதத் தொடங்கியிருக்கலாம். அவர் அழைக்காததற்குக் காரணம் இருந்தது. மேலாண்மைத் திட்டம் வரி அலுவலகத்துக்கு உரிய காகிதமாகவே அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதன் வரைபடத்தை யாரும் காட்டில் வைத்து அவருக்கு விளக்கவில்லை. எழுதியவர்கள் பக்கம் நிற்கும் குறை இது. அளவெடுத்த என்னையும் அதில் சேர்த்தே சொல்கிறேன். பழைய தோப்பில் துருப்பிடித்த இரும்பு மூக்குகளும் பழைய துளைத் தழும்புகளும் 2016இலேயே கண்ணில் பட்டன. இங்கே மீண்டும் சாறு எடுக்கும் எண்ணம் உண்டா என்று அன்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வெனீர் மரங்களுக்குச் சாயம் பூசும் வேலையையும் திட்டம் எழுதிய ஆண்டிலேயே செய்திருக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் தேர்ந்தெடுத்த மரத்தைத் துளைக்கருவியோடு வருபவர் எப்படி அறிவார்? கண்ணளவில் 11 அங்குல மரமும் 13 அங்குல மரமும் ஒன்றுபோலவே தெரிவதால், இப்போது குத்தகைக்காரரின் பணியாளர்கள் இடுப்பில் அளவுநாடாவோடுதான் போகிறார்கள். மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் பிரித்த ஏற்பாட்டை மட்டும் மறுபடியும் அப்படியே செய்யலாம் என்று நினைக்கிறேன்.

அடுத்த புதுப்பிப்பு 2026இல். அதற்கான கள அளவீட்டில், மூடாதிருந்த 9 துளைகளையும் ஒற்றைத் துளையோடு விடப்பட்ட 38 மரங்களையும் தனித்தனியாகப் பார்த்துப் பதிவு செய்வதென்று உரிமையாளரும் குத்தகைக்காரரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முறை தாமும் எங்களோடு நடக்கப் போவதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார்.